விளையாடுகிறவர்களுக்கும் ஒரு பங்கு

10,50,024 டாலர். 2024 கோடையில் நிஜாரி கேனடி என்ற சாஃப்ட்பால் வீராங்கனை ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, ஓராண்டுக்கு அவருக்குப் பேசி முடித்த தொகை. பத்து லட்சம் அவர் கைக்கு. ஐம்பதாயிரம் அன்றாடச் செலவுக்கு. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 24 டாலர், அவருடைய ஜெர்சி எண்ணுக்காக.

சாஃப்ட்பால் ஒன்றும் அமெரிக்காவில் பணம் கொட்டும் ஆட்டம் இல்லை. ஆனாலும் லபக் என்ற அந்த மேற்கு டெக்சாஸ் ஊரில், எண்ணெய்ப் பணம் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து இந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அடுத்த ஆண்டே டெக்சாஸ் டெக் தன் வரலாற்றில் முதல் முறையாகத் தேசிய இறுதிப்போட்டிக்குப் போனது. கோப்பை கிடைக்கவில்லை, அதே மாநிலத்தின் டெக்சாஸ் பல்கலையிடம் தோற்றார்கள். ஆனால் அந்த ஊரில் சாஃப்ட்பால் பார்க்க டிக்கெட்டுக்கு அலைந்தார்கள்.

இதே கேனடி நான்கு வருடம் முன்னால் பிறந்திருந்து, ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது யாரிடமாவது ஆயிரம் டாலர் வாங்கியிருந்தால் அவரை ஆட விட்டிருக்க மாட்டார்கள். மிகைப்படுத்தவில்லை. 2010-இல் ஜார்ஜியா பல்கலையின் ஏ.ஜே. கிரீன் தன்னுடைய ஜெர்சியைத் தானே ஆயிரம் டாலருக்கு விற்றார். நான்கு ஆட்டங்களுக்குத் தடை. 2017-இல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலையில் டொனால்ட் டி லா ஹே என்ற பையன் யூடியூப் சேனல் நடத்தி விளம்பர வருமானம் பார்த்தான். சேனலா, ஆட்டமா என்று கேட்டார்கள். அவன் சேனலை விட மறுத்தான், ஆடும் தகுதியை இழந்தான். ரெஜி புஷ் கதை இன்னும் பெரிது. 2005-இன் தலைசிறந்த வீரர் என்று ஹைஸ்மன் கோப்பை கொடுத்தார்கள். படிக்கும் காலத்தில் அவர் குடும்பம் ஏஜென்ட்களிடம் சலுகைகள் வாங்கியது தெரியவந்ததும் 2010-இல் அந்தக் கோப்பை கைவிட்டுப் போனது. திரும்பக் கிடைத்தது 2024-இல். அதற்குள் கல்லூரிப் பையன்கள் எல்லாரும் வெளிப்படையாகவே லட்சக்கணக்கில் வாங்க ஆரம்பித்திருந்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றால் நம் ஊர்க் கல்லூரிகளின் ஸ்போர்ட்ஸ் டே அளவில் நினைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சிகன் பல்கலையின் கால்பந்து மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். (இங்கே நான் கால்பந்து என்று சொல்வதெல்லாம் ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து.) மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்புக்கு மட்டும் தொலைக்காட்சிகள் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 110 கோடி டாலர் தருகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, அரசுப் பல்கலையின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளருக்குத்தான். ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலை வேலையிலிருந்து அனுப்பியது. ஒப்பந்தக் காலம் மீதி இருந்ததால் அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை சுமார் 7.6 கோடி டாலர். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்வதற்கு அவ்வளவு பணம் இருந்த இடத்தில், ஆடுகிற பையனுக்குக் கொடுக்க மட்டும் பணம் இல்லை என்றார்கள்.

இது எப்படி நியாயமானது என்று தேடினால் கதை 1955-இல், கொலராடோவில் போய் நிற்கிறது. ரே டெனிசன் என்பவர் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி, குழந்தைகள் இருந்தார்கள். பணியிடத்தில் அடிபட்டுச் செத்தவர் குடும்பத்துக்கு உள்ள இழப்பீட்டைத் தாருங்கள் என்று மனைவி கேட்டார். 1957-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்றது. அந்தக் காலத்தில் என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை நடத்தியவர் வால்டர் பையர்ஸ். 1951 முதல் 1987 வரை அவர்தான். இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்துதான், ஆடுகிறவர்களை எந்த ஆவணத்திலும் ஊழியராகக் காட்டிவிடக் கூடாது என்று சங்கம் கவனமாக விதிகளையும் சொற்களையும் வகுத்தது. இதைப் பின்னாளில் எழுதி ஒப்புக்கொண்டவரும் பையர்ஸே. ஓய்வுக்குப் பிறகு 1995-இல், தான் கட்டிய அமைப்பு மாணவர்களைச் சுரண்டுகிறது என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

கென்ட் வால்ட்ரெப் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலை வீரர். 1974-இல் ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தது. இழப்பீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார். 2000-இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரும் ஊழியர் அல்ல என்று சொல்லி முடித்துவிட்டது. பணம் கொடுத்தால் விளையாட்டின் தூய்மை கெட்டுவிடும் என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்தத் தூய்மைக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். நான் இங்கே அமெரிக்காவில் மேற்படிப்பு படித்தபோது புள்ளியியல் பாடத்துக்கு டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) ஆக இருந்தேன். கால்பந்து அணிப் பையன்கள் சிலர் என் வகுப்பில் இருந்தார்கள். காலை எட்டு மணி வகுப்புக்கு அவர்கள் வரும்போது உடற்பயிற்சி முடித்துக் குளித்த ஈரம் தலையில் இருக்கும், ஐந்து மணிக்கே எழுந்திருப்பார்கள். வியாழக்கிழமையானால் விளையாட்டுத் துறையிலிருந்து ஒரு கடிதம் வரும்: இன்னார் வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறார், வெள்ளிக்கிழமைத் தேர்வை வேறு நாளில் வைக்கவும். ஒரு முறை தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்குத் தனியாகத் தேர்வு வைத்தேன். வலது கையில் மூன்று விரல்களைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தது. பென்சிலைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதினான். நேரம் முடிந்தும் எழுதவிட்டேன். போகும்போது, துறைக் கூட்டத்தில் மிச்சமாகி மேசைமேல் இருந்த பீட்சாவைக் காட்டி, "சார், இதை யாரும் எடுக்கலேன்னா நான் எடுத்துக்கலாமா?" என்றான். முந்தின சனிக்கிழமை அவன் ஆட்டத்தை டிவியில் பார்த்திருந்தேன். அவன் எண் போட்ட ஜெர்சி பல்கலைக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. 2014-இல் கனெக்டிகட் பல்கலை ஆண்கள் கூடைப்பந்தில் தேசிய சாம்பியன் ஆனது. அந்த அணியின் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போகிறேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். கொஞ்ச நாளில், வீரர்களுக்கான சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை என்.சி.ஏ.ஏ. தளர்த்தியது.

சட்டப் போராட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய குழப்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. 1995-இல் யு.சி.எல்.ஏ.வுக்குக் கூடைப்பந்துக் கோப்பை வாங்கித் தந்த எட் ஓபேனன், வருடங்கள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னைப் பார்த்தார். அதே உடல்வாகு, அதே எண், இடதுகை ஆட்டம். காசு மட்டும் வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2019-இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது: மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிப்பதைப் பல்கலைகள் தடுக்கக் கூடாது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு என்னவோ லேப்டாப், மேற்படிப்புச் செலவு போன்ற கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய கருத்தில், வேறு எந்தத் தொழிலும் தன் ஆட்களுக்கு நியாயமான கூலி தர மாட்டோம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தால் சட்டம் விடாது, இவர்கள் மட்டும் சட்டத்துக்கு மேலானவர்களா என்ற பொருளில் கேட்டார். பத்து நாளில், 2021 ஜூலை 1 அன்று, என்.ஐ.எல். என்ற விளம்பர வருமானக் கதவு திறந்தது.

கடைசிப் பூட்டும் 2025 ஜூன் 6 அன்று உடைந்தது. அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் நடந்த வழக்கில் சமரசத்தை அதே நீதிபதி வில்கன் ஏற்றார். 2016-இலிருந்து ஆடியவர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு, பத்தாண்டுகளில். 2025-26 முதல் ஒவ்வொரு பல்கலையும் தன் வருமானத்திலிருந்து நேரடியாக மாணவர்களுக்குத் தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பெரிய பல்கலைகளின் சராசரி விளையாட்டு வருமானத்தில் 22 சதவீதம் என்று கணக்குப் போட்டு வந்த எண் அது. தொழில்முறைக் கூடைப்பந்திலும் கால்பந்திலும் வீரர்களுக்குப் போவது வருமானத்தில் பாதியை ஒட்டி. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கெட்டுப்போனதாகச் சொல்லப்படுபவை. நான் இவற்றை மறுக்கப் போவதில்லை. கெட்டது எது, யாரால் என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

முன்பு ஒரு மாணவன் பல்கலை மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறை தாராளமாக மாறலாம் என்றார்கள், 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றார்கள். நான்கு வருடத்தில் நான்கு கல்லூரிச் சட்டை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அலபாமாவின் பெரும் பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். பையன்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசப் போனால் எவ்வளவு தருவீர்கள் என்பது மட்டுமே பேச்சாகிவிட்டது என்று பின்னர் செனட்டர்கள் முன்னிலையில் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் உண்மையானதாக இருக்கலாம். அவர் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கியதும் உண்மை. ஊர் மாறி, அணி மாறி, ஒப்பந்தத்தை முறித்து வேறு பல்கலைக்குப் போவதைப் பயிற்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அவர்களை நம்பிச் சேர்ந்த பையன்கள் அதே இடத்தில் நின்றார்கள். அப்போது யாரும் விசுவாசம் போச்சு என்று புலம்பவில்லை.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது, இந்தப் பணத்தில் பெரும்பகுதி வாய்வார்த்தையில் ஓடியது. ஜேடன் ரஷாடா என்ற பையன் பள்ளி முடிக்கும்போது ஃபுளோரிடா பல்கலையில் சேர 1.385 கோடி டாலர் என்று பேசினார்கள். பணம் வரவில்லை. அவர் வேறு பல்கலைக்குப் போய், 2024-இல் வழக்குப் போட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் நெவாடா-லாஸ் வேகஸ் அணி மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு நிற்கும்போது, அதன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மாத்யூ ஸ்லூக்கா நடுவிலேயே ஆடுவதை நிறுத்தினார். ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை என்றது பல்கலை. யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு காகிதம் இல்லை. இருபதை ஒட்டிய வயதுப் பையன். எதிரே வழக்கறிஞர் படையோடு ஒரு பல்கலை. இந்த நிலைமைக்குப் பையனின் பேராசையைக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் கட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தது சரி. மிகவும் தாமதமாகக் கொடுத்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு ஊழியர் என்று ஒப்புக்கொள்ள மறுப்பதுதான் தவறு, குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏன் என்று விளக்குகிறேன். தொழில்முறைக் கால்பந்திலும் சம்பள உச்சவரம்பு உண்டு, வீரர்களை அணிகளுக்குப் பங்கிடும் முறை உண்டு, இஷ்டத்துக்கு மாற முடியாத ஒப்பந்தங்கள் உண்டு. சாதாரணமாக நிறுவனங்கள் கூடி ‘யாரும் இதற்கு மேல் சம்பளம் தரக் கூடாது’ என்று முடிவெடுத்தால் அமெரிக்காவின் போட்டிப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்காது. வீரர்களின் தொழிற்சங்கம் எதிரே உட்கார்ந்து பேரம் பேசி, இன்னின்ன கிடைத்தால் இன்னின்ன கட்டுப்பாட்டுக்கு ஒப்புக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் சட்டம் தலையிடாது. கல்லூரிகளுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. அவர்கள் போக மறுக்கிறார்கள். 2014-இல் நார்த்வெஸ்டர்ன் கால்பந்து மாணவர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள், தொழிலாளர் வாரியம் அடுத்த ஆண்டு இதில் நாங்கள் தலையிடவில்லை என்று ஒதுங்கிவிட்டது. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கூடைப்பந்து மாணவர்கள் 13-2 என்று சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். உதவித்தொகைகூட இல்லாத பையன்கள் அவர்கள். கல்லூரி பேச மறுத்தது, வாஷிங்டனில் ஆட்சி மாறும் நேரத்தில் அவர்கள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதனால் இப்போது என்ன நடக்கிறது? எந்த விதி போட்டாலும் யாராவது வழக்குக்குப் போகிறார்கள், பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள். 600 டாலருக்கு மேற்பட்ட விளம்பர ஒப்பந்தங்களைச் சரிபார்க்கப் புதிதாக ஒரு ஆணையம் வைத்திருக்கிறார்கள், அதன் அதிகாரமும் கேள்விக்குள்ளாகிக்கொண்டே இருக்கிறது. பல்கலைகளோ அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கதவைத் தட்டுகின்றன. 2025 ஜூலையில் அறிமுகமான ஸ்கோர் மசோதா, வழக்குகளிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும், மாணவர்கள் ஊழியர்கள் அல்ல என்றும் எழுதி வைக்கும். ரே டெனிசனின் மனைவிக்குச் சொன்ன அதே பதில், எழுபது வருடம் கழித்து.

பணம் வந்தால் பணக்காரப் பல்கலைகளே எல்லாக் கோப்பைகளையும் அள்ளிக்கொள்ளும் என்று பயமுறுத்தினார்கள். பணம் வராத காலத்தில் மட்டும் யார் அள்ளினார்கள்? அலபாமா, ஓஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய பல்கலைகள்தான். இப்போது இண்டியானாவைப் பாருங்கள். கால்பந்தில் தோல்விக்கே பேர்போன பல்கலை. 2025 பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 2026 ஜனவரியில் தேசிய சாம்பியன் ஆனது. ஹைஸ்மன் கோப்பை வாங்கிய அதன் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா அதற்கு முந்தைய வருடம்தான் கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்தவர். கூட ஆடியவர்களில் பலரும் அப்படியே, மற்ற அணிகள் பெரிதாகக் கண்டுகொள்ளாதவர்கள். இண்டியானாவிலும் பணக்காரப் பழைய மாணவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடம் முன்னால் அந்த அணி கோப்பை வாங்கும் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பெண்கள் விஷயம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 2024 பெண்கள் கூடைப்பந்து இறுதிப்போட்டியில் கெயிட்லின் கிளார்க் ஆடிய அயோவா, சவுத் கரோலினாவிடம் தோற்றதைச் சுமார் 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியை அதைவிட நாற்பது லட்சம் பேர் குறைவாகப் பார்த்தார்கள். கல்லூரியில் இருக்கும்போதே கிளார்க்குக்குப் பெரிய விளம்பரங்கள் இருந்தன. தொழில்முறை ஆட்டத்துக்குப் போனதும் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். எத்தனையோ பெண்களுக்கு வாழ்நாளிலேயே அதிகம் சம்பாதிக்கும் காலம் கல்லூரிக் காலமாக இருக்கிறது, அதைத்தான் முன்பு தடுத்து வைத்திருந்தார்கள். இது நல்ல பக்கம். மறுபக்கத்தில், பல்கலைகள் நேரடியாகத் தரும் பணத்தில் வழக்கமான பங்கீடு கால்பந்துக்கு முக்கால் பங்கு, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 சதவீதம், பெண்கள் கூடைப்பந்துக்கு ஐந்து, மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஐந்து. 1972-இலிருந்து ஆண் பெண் சமத்துவத்தைக் கட்டாயமாக்கும் டைட்டில் 9 சட்டம் இதற்குப் பொருந்துமா? 2025 ஜனவரியில் பைடன் அரசு பொருந்தும் என்றது. பிப்ரவரியில் டிரம்ப் அரசு அதை விலக்கிக்கொண்டது. ஹவுஸ் சமரசத்தின் இழப்பீட்டுப் பங்கீட்டை எதிர்த்துச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். சட்டப்படி அவர்கள் கேட்பது சரி என்றே நினைக்கிறேன். அரசுப் பணத்திலும் கல்விக் கட்டணத்திலும் நடக்கும் நிறுவனம், சந்தை இப்படித்தான் சொல்கிறது என்று கை கழுவ முடியாது.

எனக்கு உண்மையாகவே வயிற்றைப் பிசையும் பகுதி சின்ன விளையாட்டுகள். நீச்சல், டென்னிஸ், ஓட்டம், மல்யுத்தம். கால்பந்து சம்பாதித்த பணத்தில்தான் இவ்வளவு நாள் இவை ஓடின. அந்தக் கால்பந்து, கூடைப்பந்து அணிகளில் கணிசமானோர் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள், தங்களுக்கு வராத பணம் வேறு பிள்ளைகளின் நீச்சல் குளமானதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது அநியாயம். ஆனால் அதைச் சரிசெய்யும் செலவை நீச்சல்காரப் பிள்ளைகள் தலையில் வைப்பதும் சரியில்லை. 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலை நீச்சல், டைவிங் அணிகளை மூடியது. அதே மாதம் பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற சிறு பல்கலை, பெருங்கனவான மார்ச் கூடைப்பந்துப் போட்டியில் ஆடி இரண்டு புள்ளியில் தோற்றது. ஒரு வாரம் கழித்து, எங்களால் இந்தப் பந்தயத்தில் ஓட முடியாது, உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்குகிறோம் என்று அறிவித்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்கர்களில் நான்கில் மூன்று பேர் கல்லூரி விளையாட்டில் வளர்ந்தவர்கள். வேறு நாடுகளில் அரசு செய்யும் வேலையை இங்கே கல்லூரிகள் செய்துகொண்டிருந்தன. அதைத் தொடர வேண்டுமானால் பயிற்சியாளர் சம்பளத்திலும் வேலையிலிருந்து அனுப்பக் கொடுக்கும் கோடிகளிலும் கை வைக்கலாம். இதுவரை யாரும் அந்தப் பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லை. டென்னசி பல்கலை கால்பந்து டிக்கெட்டில் ‘திறமைக் கட்டணம்’ என்று பத்து சதவீதம் கூட்டியது. அது ரசிகரின் பாக்கெட்.

இது நமக்கும் சம்பந்தமுள்ள கதைதான். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்காகக் கல்லூரி இரட்டையர் சாம்பியன் ஆனவர். சென்னையில் டென்னிஸ் கற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்காக 2007, 2008 என்று இரண்டு முறை ஒற்றையர் சாம்பியன். மதுரைக்காரர் தக்ஷினேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலையில் ஆடியவர், 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்து மண்ணிலேயே அந்நாட்டு வீரரைத் தோற்கடித்தார். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவு ஆண்கள் டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள். நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்கு, டென்னிஸில் உலகம் சுற்றுவதற்குக் கோடிகள் இல்லாதபோது, இதுவே கையில் இருக்கும் வழி.

இப்போது கோயம்புத்தூரிலிருந்து என் சித்தி மகன் போன் பண்ணுகிறான். "அண்ணா, அங்க காலேஜ்ல வெளையாடுனாலே லட்சக்கணக்குல டாலர் குடுக்கறாங்களாம்ல? நம்ம பாப்பாவுக்கும் வருங்களா?"

வராது என்றுதான் சொன்னேன். எஃப்-1 விசாவில் வரும் மாணவர் வளாகத்துக்கு வெளியே இஷ்டத்துக்கு வேலை செய்ய முடியாது என்பது நம் ஆட்கள் எல்லாருக்கும் மனப்பாடம். விளம்பரத்தில் நடித்தாலும், கையெழுத்துப் போட்டு விற்றாலும் அது வேலையாகக் கொள்ளப்படலாம். இரண்டு ஆண்டு தொடர்ந்து நாட்டின் தலைசிறந்த கூடைப்பந்து வீரரான ஜாக் ஈடி கனடாக்காரர். பர்டியூ பல்கலையில் கூட ஆடிய அமெரிக்கப் பையன்கள் சம்பாதித்தபோது அவர் கைகட்டி நின்றார். காங்கோவிலிருந்து வந்த ஆஸ்கர் ஷிப்வே, கென்டக்கி அணி 2022 ஆகஸ்ட்டில் பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோது, அமெரிக்க மண்ணில் இல்லாத அந்தச் சில நாட்களில் விளம்பர வேலைகளை அவசர அவசரமாக முடித்துக்கொண்டு வந்தார். பல்கலை நேரடியாகத் தரும் பங்கை எஃப்-1 மாணவர் வாங்கலாமா என்பதற்கும் குடியேற்றத் துறை தெளிவான விதி எதுவும் வகுக்கவில்லை. விஷயம் தெரியாமல் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போவது அந்தப் பணம் மட்டும் இல்லை, விசாவே போகலாம்.

பிள்ளையை அனுப்ப நினைக்கும் அப்பா அம்மாக்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பயிற்சியாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: உங்கள் அணியில் எத்தனை பேருக்கு இடம், என் பிள்ளைக்கு முழு உதவித்தொகையா பாதியா, எத்தனை வருடத்துக்கு? புதிய விதியை ஏற்ற பல்கலைகளில் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர்தான் உச்சவரம்பு. முன்பு, கல்லூரியில் சேர்ந்த பிறகு அணியில் ஒட்டிக்கொள்ள இருந்த இடம் அங்கே இனி இருக்காது. இந்த விளையாட்டை மூடும் பேச்சு உங்கள் பல்கலையில் இருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். மூடினால் படிப்பு முடியும்வரை உதவித்தொகை தொடருமா என்று எழுத்தில் வாங்குங்கள். அடிபட்டால் யார் செலவு என்பதையும் சேர்த்து. விளம்பரம், ஏஜென்ட் என்று யார் வந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பல்கலையின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள். கோடிக் கணக்குச் செய்திகளைப் பார்த்துவிட்டு யாராவது வாயால் சொன்ன தொகையை நம்பி, வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை விமானம் ஏற்றிவிடாதீர்கள்.